ஓய்வுநாளைக் கிறிஸ்தவர்கள் இன்னும் ஆசரிக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் வேதபாடம் நடக்கிறது. எந்த அதிகாரத்தை எடுத்தாலும் எப்படியோ பேச்சு ஓய்வுநாளில் வந்து நிற்கும். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையன்கள், சுங்கைப் பட்டாணியிலிருந்து வரும் ஓர் ஆசிரியை, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபைக் குடும்பத்தில் பெண் எடுத்த ஓர் அண்ணன் என்று ஆளுக்கொரு காரணத்தோடு கேட்பார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் போதகர் இல்லை. மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். இந்தக் கேள்வி என்னையே ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

சபாத்துன்னா எந்த நாள்? சனியா, ஞாயிறா?

வேதத்தில் ஓய்வுநாள் என்றால் ஏழாம் நாள், சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொடங்கி, சனிக்கிழமை பொழுது சாயும்போது முடியும். நம் ஊரில் பள்ளிவாசலில் மாலை மக்ரிப் பாங்கு கேட்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் அது வருடம் முழுவதும் ஏறக்குறைய ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள் வந்துவிடும்.

நாம் தினமும் பார்க்கிற மலாய்க் காலண்டரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சனிக்கிழமைக்கு ‘சப்து’ என்று பெயர். ‘சபாத்’ என்ற எபிரெயச் சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான், அரபு வழியாக வந்தது. ஞாயிறு ‘அஹாட்’, அதாவது ஒன்று, வாரத்தின் முதல் நாள். ஞாயிற்றுக்கு ‘மிங்கு’ என்று இன்னொரு பெயரும் உண்டு. அது போர்ச்சுகீசியரின் ‘தொமிங்கோ’, ஆண்டவருடைய நாள். ஆகவே ஞாயிற்றைச் ‘சபாத்து’ என்று சொல்லாமல் ‘கர்த்தருடைய நாள்’ என்று சொல்வதே சரியாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

எங்க ஞானோபதேச வகுப்புல மூணாம் கட்டளைன்னு படிச்சோம். நீங்க நாலாம் கட்டளைங்கிறீங்க. பைபிளே வேறயா?

பைபிள் ஒன்றுதான், எண்ணுகிற முறைதான் வேறு. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் விக்கிரக வணக்கத்தைப் பற்றிய வசனங்களை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள், அதனால் ஓய்வுநாள் மூன்றாவதாகிறது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், அட்வென்டிஸ்ட் கணக்கில் நான்காவது.

மத்த ஒன்பது கட்டளையும் வேணும்ங்கிறோம். இதை மட்டும் யாரு எடுத்தது?

எல்லாருக்கும் அடிமனதில் இருக்கிற கேள்வி இதுதான். கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பதை ஏற்றுக்கொண்டு நடுவில் ஒன்றை மட்டும் உருவிப் போட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

என் பதில் இப்படி. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் கர்த்தர் ஓய்வுநாளைத் தமக்கும் இஸ்ரவேல் புத்திரருக்கும் நடுவே அடையாளம் என்கிறார். விருத்தசேதனத்தைப் போலவே உடன்படிக்கையின் அடையாளம் அது. யூதரல்லாதவர்கள் சபைக்குள் வந்தபோது அவர்கள்மேல் எதைச் சுமத்துவது என்று எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசினார்கள். அப்போஸ்தலர் 15இல் இருக்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கச் சொன்னார்கள். ஓய்வுநாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு புறஜாதிச் சபைகளுக்குப் போன நிருபங்களில் மற்ற கட்டளைகள் வெவ்வேறு விதமாகத் திரும்ப வருகின்றன, ஓய்வுநாளை ஆசரியுங்கள் என்ற கட்டளை மட்டும் வரவில்லை. வருவது இதற்கு எதிர்ப்பக்கம்: பண்டிகைநாள், மாதப்பிறப்பு, ஓய்வுநாட்கள் இவைகளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக, அவைகள் வருங்காரியங்களுக்கு நிழல் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார்.

‘அது வருடாந்தரப் பண்டிகை ஓய்வுநாட்களைச் சொல்வது, வாரச் சபாத்தை அல்ல’ என்று அட்வென்டிஸ்ட் சகோதரர்கள் பதில் சொல்வார்கள். அதையும் யோசித்துப் பார்த்தேன். பண்டிகை, மாதப்பிறப்பு, ஓய்வுநாள் என்ற மூன்றும் சேர்ந்தே பழைய ஏற்பாட்டில் பல இடங்களில் வருகின்றன, எசேக்கியேல் 45:17 ஓர் உதாரணம். வருடத்துக்கு வருவது, மாதத்துக்கு வருவது, வாரத்துக்கு வருவது என்ற வரிசை அது. பவுல் அதே வரிசையைச் சொல்லும்போது வாரச் சபாத்தை மட்டும் தனியாக எடுத்துவிட முடியாது என்றே எனக்குப் படுகிறது.

ஆனா ஆதியாகமத்திலேயே தேவன் ஏழாம் நாள் ஓய்ந்தாரே. அது மோசேக்கு முன்னாடி ஆச்சே, அங்கிள்?

ஆமாம், இது பலமான வாதம். தேவன் ஏழாம் நாளை ஆசீர்வதித்துப் பரிசுத்தமாக்கினார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் ஆதாமுக்கோ நோவாவுக்கோ ஆபிரகாமுக்கோ அதை ஆசரிக்கும்படி கட்டளை கொடுத்ததாக ஆதியாகமத்தில் எங்கும் இல்லை. ஜனங்கள் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததை முதன்முதலாக யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவோடு பார்க்கிறோம். ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து வைத்தார்கள், ஏழாம் நாளில் தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்காக ஆதியாகமத்தில் இருப்பதை ஒன்றுமில்லை என்று தள்ளமாட்டேன். ஆறு நாள் உழைப்பு, ஒரு நாள் ஓய்வு என்ற தாளத்தோடுதான் மனுஷன் படைக்கப்பட்டான் என்று நம்புகிறேன். எந்த நாள் என்பதைச் சட்டமாக்கி ஒருவர் கழுத்தில் மாட்டுவது வேறு. ஓய்வே இல்லாமல் வாழலாம் என்று நினைப்பது வேறு. முதலாவதைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறோம், இரண்டாவதில்தான் அடிபடுகிறோம்.

கான்ஸ்டன்டைன் ராஜாதான் சனிக்கிழமையை ஞாயிறா மாத்திட்டாராமே?

ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டது உண்மை. ஞாயிற்றுக்கிழமை நீதிபதிகளும் நகரத்து மக்களும் ஓய்ந்திருக்க வேண்டும், பட்டறைகளை மூட வேண்டும், விவசாயிகள் மட்டும் வேலை செய்யலாம் என்றது அது. ஆனால் ஞாயிறு ஆராதனை அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. 150களில் ரோமில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் சக்கரவர்த்திக்கு எழுதிய விண்ணப்பத்தில், ஞாயிறு எனப்படும் நாளில் நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஒன்றுகூடுகிறோம், அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளை வாசிக்கிறோம், அப்பமும் திராட்சரசமும் பகிர்கிறோம், அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் காணிக்கை சேர்க்கிறோம் என்று விவரமாகச் சொல்கிறார். கான்ஸ்டன்டைனுக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய 170 வருடம்.

பவுல் காலத்திலேயே துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல்நாளில் அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் 20இல் வாசிக்கிறோம். பவுல் ஓய்வுநாட்களில் ஜெபஆலயத்துக்குப் போனதும் உண்மைதான். யூதர்கள் கூடுகிற நாளில் அங்கே போய்ச் சுவிசேஷம் சொன்னார். அதற்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டில்கூட, லவோதிக்கேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், கிறிஸ்தவர்கள் சபாத்தில் வேலையை விட்டு ஓயக்கூடாது என்று விதி போட வேண்டியிருந்தது. அப்படி ஓய்ந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எத்தியோப்பியத் திருச்சபை இன்றுவரை சனி, ஞாயிறு இரண்டையும் கனப்படுத்துகிறது.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது வேறொன்றை. 321க்கு முன்னால் ரோமப் பேரரசில் ஞாயிறு விடுமுறை கிடையாது. 112ஆம் ஆண்டு வாக்கில் பிளினி என்ற ஆளுநர், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன்னே கூடிக் கிறிஸ்துவைத் துதித்துப் பாடுகிறார்கள் என்று சக்கரவர்த்திக்கு எழுதினார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். இருட்டோடு எழுந்து வந்து பாடிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். முதல் மூன்று நூற்றாண்டு சபைக்கு ஞாயிறு ஆராதனை நாளாக இருந்தது, லீவு நாளாக இல்லை.

இயேசுவே ஓய்வுநாளை மீறினாரா, மீறலையா?

பரிசேயர்கள் என்ற யூத மதப்பிரிவினர் ஓய்வுநாளைச் சுற்றிக் கட்டிய விதிமுறை வேலிகளை மீறினார், ஓய்வுநாளை அல்ல. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்றார். லூக்கா 13இல் 18 வருடமாகக் கூனியாயிருந்த ஒரு பெண்ணை அவர் ஓய்வுநாளில் சுகமாக்குகிறார். ஜெபஆலயத் தலைவன் கோபப்படுகிறான். நீங்கள் ஓய்வுநாளில் உங்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோவதில்லையா, இவளை அவிழ்த்துவிட வேண்டாமா என்று இயேசு கேட்கிறார். கட்டு அவிழ்வதற்கு ஓய்வுநாளைவிடப் பொருத்தமான நாள் ஏது என்பது போன்ற கேள்வி அது.

எங்க மருமக வீட்டுல வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எந்த வேலைக்கும் வரமாட்டாங்க. எதிர்த்துப் பேசறதா, விட்டுடறதா?

விட்டுவிடுங்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன், மதியுங்கள் என்பேன். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை 1863இல் அமெரிக்காவில் அமைப்பாக உருவானது. பினாங்கில் ஜாலான் பர்மாவில் இருக்கிற அவர்களுடைய மருத்துவமனை 1924இல் தொடங்கியது, நம்மில் எத்தனையோ பேருக்குப் பிள்ளை பிறந்த இடம். ‘உண்மை இயேசு சபை’யாரும் சனிக்கிழமை ஆசரிப்பவர்கள்தான். ரோமர் 14 இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே எழுதினது போல இருக்கும்: ஒருவன் ஒருநாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதிலே நிச்சயமுள்ளவனாயிருக்கட்டும்.

நடைமுறையில் நிச்சயதார்த்தச் சாப்பாட்டைச் சனிக்கிழமை மத்தியானத்தில் வைக்காமல் ஞாயிறு மாலைக்கு மாற்றுங்கள். இன்னொன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சமையல் முடிந்து, துணி தேய்த்து, வீடு கூட்டி, பொழுது சாய்வதற்குக் காத்திருப்பார்கள். நாம் ஞாயிற்றுக்கு அப்படி ஒருநாளாவது காத்திருந்தோமா?

ஞாயிறு ஆராதனைக்குப் போறவங்க மிருகத்தின் முத்திரை வாங்கினவங்கன்னு ஒரு வாட்ஸ்அப் வீடியோ வந்துச்சு. பயமா இருக்கு.

பயப்படாதீர்கள். வெளிப்படுத்தின விசேஷம் 13இல், தேவனுக்கு எதிராக எழும்பும் மிருகத்தின் முத்திரையைப் பற்றி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்றும் இல்லை. அட்வென்டிஸ்ட் சபைகூட, இப்போது ஞாயிறு ஆராதிப்பவர்கள் முத்திரை பெற்றவர்கள் என்று போதிப்பதில்லை. பிற்காலத்தில் ஞாயிறு ஆசரிப்பு சட்டத்தால் கட்டாயமாக்கப்படும்போதுதான் அந்தக் கேள்வி வரும் என்பது அவர்கள் போதனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் பரப்புவதும் பொய்ச்சாட்சிதான்.

எனக்கு மாசத்துல ரெண்டு மூணு ஞாயிறு ஷிப்ட் விழுது. சபைக்கு வர முடியல. பாவமா, அண்ணே?

இல்லை தம்பி. கான்ஸ்டன்டைன் கேள்வியில் சொன்ன அந்த விடியற்காலைக் கூட்டத்தாரை நினைத்துக்கொள். நம் நாட்டு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது, எந்த நாள் என்பது முதலாளி கையில். ஷிப்ட் வேலையில் 30 மணி நேரத்துக்குக் குறையாமல் தொடர்ச்சியாக விட்டால் அதுவே ஓய்வுநாள் கணக்கு. அந்த 30 மணி நேரத்தை வாங்காமல் விடாதே. ஓ.டி. காசு நல்லாத்தான் இருக்கும். நானும் அதன் பின்னால் ஓடியிருக்கிறேன். ஒரு வருடம் பதினோரு வாரம் லீவே எடுக்காமல் நின்றேன். பெரிய மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று ஒருவர் கேட்டபோது பதில் சொல்லத் தடுமாறினேன். ஞாயிறு சபைக்குப் போகாதது அல்ல, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கத்தோலிக்க நண்பர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமைக்குப் போதும், தக்க காரணம் இருந்தால் விலக்கும் உண்டு. உங்கள் சபையில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால், போதகரிடம் கேட்டு வாரநாளில் ஒரு சிறு கூட்டம் தொடங்குங்கள். எங்கள் செவ்வாய்க்கிழமை வேதபாடம் ஆரம்பித்ததே மூன்று ஷிப்ட் ஆட்களால்தான்.

நான் கெடாவுல டீச்சர். எங்களுக்கு ஞாயிறு பள்ளிக்கூடம், வெள்ளி சனி லீவு. என்ன பண்றது?

கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் இப்படித்தான். ஜோகூர் 2014இல் வெள்ளி சனிக்கு மாறி, 2025 ஜனவரியில் சனி ஞாயிறுக்குத் திரும்பியது. அரசாங்கம் வாரவிடுமுறையை மாற்றும்போது பரிசுத்தம் நாளோடு சேர்ந்து இடம் மாறிவிடுமா? வெள்ளிக்கிழமை சபை கூடினால் வெள்ளிக்கிழமை போங்கள். முடிந்தால் ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் உயிர்த்தெழுதலின் நாள் என்று நினைத்து வீட்டில் ஜெபியுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஞாயிறு பாசார் (சந்தை) போகலாமா? சாப்பாடு தாப்பாவ் (பார்சல்) பண்ணலாமா?

போகலாம். யூத ரபீக்கள் ஓய்வுநாளில் கூடாத வேலைகளை 39 வகையாகப் பிரித்தார்கள். அந்த மாதிரிப் பட்டியல் நமக்குக் கொடுக்கப்படவில்லை, நான் ஒன்று எழுதித் தரப்போவதுமில்லை. பிள்ளைகளின் ஞாயிறு டியூஷனுக்கும் இதே பதில்தான். எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வு வருடத்தில் தவிர்க்க முடியாமல் போகலாம், ஆனால் ஏழு நாளும் டியூஷன் என்றால் அது அந்தப் பிள்ளைக்கு எகிப்தின் அடிமை வேலைதான்.

எபிரெயர் 4:9ல இன்னும் ஓய்வு இருக்குன்னு இருக்கே. அப்ப சபாத்து நிக்கலைதானே?

நன்றாகக் கவனித்துக் கேட்ட கேள்வி. ‘இளைப்பாறுகிற காலம்’ என்று தமிழில் இருப்பதற்குக் கிரேக்கத்தில் ‘சபாத்திஸ்மோஸ்’ என்ற சொல். புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. ஆனால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யோசுவா இஸ்ரவேலரைக் கானானுக்குள் கொண்டுபோயும் அந்த ஓய்வு கிடைக்கவில்லை என்கிறார் நிருபத்தை எழுதியவர். கானானில் அவர்களுக்கு வாரந்தோறும் சனிக்கிழமை இருந்ததே! அப்படியானால் அவர் பேசுவது ஒரு கிழமையைப் பற்றியதாக இருக்க முடியாது. தேவன் தம் கிரியைகளை முடித்து ஓய்ந்தது போல, விசுவாசி தன் கிரியைகளை விட்டு ஓய்ந்து அவருக்குள் பிரவேசிப்பதைப் பற்றியது. நாளை ஆசரித்து இரட்சிப்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறவன் அந்த ஓய்வுநாளிலும் வேலை செய்துகொண்டிருக்கிறான்.

எங்க வீட்டுல வேலை செய்யற இந்தோனேசிய அக்காவுக்கு ஞாயிறு லீவு கொடுக்கணுமா? அவங்க கிறிஸ்டியன் இல்லையே.

இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான் இதைக் கேட்டார். எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பத்துக் கட்டளை வேதத்தில் இரண்டு முறை வருகிறது. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குக் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5இல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று அங்கே இருக்கிறது. வாசலுக்குள் இருக்கிற அந்நியனையும் மாட்டையும் கழுதையையும்கூடச் சேர்த்துச் சொல்கிறது. அந்நியன் இஸ்ரவேலன் அல்ல, ஆனாலும் அவனுக்கு ஓய்வு உண்டு. ஆகவே ‘அவங்க கிறிஸ்டியன் இல்லையே’ என்பதற்குப் பதில் அந்த வசனத்திலேயே கிடைத்துவிட்டது.

மேலே சொன்ன வேலைச் சட்டத்தின் ஓய்வுநாள் பகுதி வீட்டு வேலையாட்களைச் சேர்க்கவில்லை. சட்டம் விட்ட இடத்தில் வேதம் நம்மைப் பிடிக்கிறது. நம் தாத்தாக்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். கங்காணி விசிலுக்கு எழுந்து ஓடிய வம்சத்துக்கு உபாகமம் 5ஐ யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு வசதியான ஒரு முழுநாளைக் கொடுங்கள். ஞாயிறாக இருக்க வேண்டும் என்றில்லை. அன்று சம்பளம் பிடிக்காதீர்கள், போனையும் பாஸ்போர்ட்டையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். நாம் ஆராதனைக்குப் போய் நாலாம் கட்டளையைக் கேட்டுவிட்டு வரும்வரை அவர் நம் மத்தியானச் சமையலுக்காக அடுப்படியில் நிற்பது சரியில்லை.

சரி, நீங்க உங்க வீட்டுல என்னதான் செய்றீங்க?

ஞாயிறு காலை சபைக்குப் போகிறோம். சனிக்கிழமை இரவே குழம்பு வைத்துவிடுவோம். இது மருமகள் வீட்டாரிடம் அந்த அண்ணன் கற்றுவந்து எங்களுக்குச் சொன்னது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் மனைவி. ஓய்வுநாளைப் பற்றி ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஓய்வே இல்லாத ஆள் யார் என்று நான் பார்க்கவில்லை. மேலே எழுதிய உபாகமம் பாடத்தை நடத்தி முடித்த அன்றிரவுதான் உறைத்தது. இப்போது ஞாயிறு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அம்மாவை நான் பார்க்கிறேன். மனைவி முதல் இரண்டு வாரம் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தாள். போன ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள்.